ஆயுதம்: பென்சிலும் பெருக்கல் கணக்கும்! பருவமழையின் 'தராசை' கண்டுபிடித்த கில்பர்ட் வாக்கர் யார்?

ஏப்ரல் மாதம் வந்தால் போதும். இந்த வருஷம் பருவமழை எப்படி இருக்கும் என்று வானிலை மையம் சொல்லும், அடுத்த நிமிஷமே உங்கள் மொபைலில் நோட்டிஃபிகேஷன் வந்து விழும். அதில் 'எல் நினோ' என்ற வார்த்தையும் கட்டாயம் இருக்கும். பெரு நாட்டுக் கடலோரத்தில் தண்ணீர் சூடானால் தெலங்கானாவில் பருத்தி விதைக்கிறவர் ஏன் கவலைப்பட வேண்டும்? இந்தக் கேள்விக்கான விடையில் பாதியை, 100 வருஷத்துக்கு முன்பே சிம்லாவில் உட்கார்ந்து கண்டுபிடித்தவர் ஒரு ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர். பெயர் கில்பர்ட் வாக்கர்.

வேடிக்கை என்னவென்றால், இந்தியாவின் வானிலைத் துறைக்குத் தலைவராக வந்து சேரும் வரை அவருக்கும் வானிலைக்கும் பெரிய சம்பந்தமே கிடையாது.

அவர் கதைக்குப் போகும் முன், அவரை ஏன் இங்கே கூட்டி வந்தார்கள் என்று பார்த்துவிடலாம். ஏனென்றால் அதற்குப் பின்னால் இருப்பது பட்டினி.

தாது வருடப் பஞ்சம்

நம்ம ஊர் கிராமங்களில் இப்போதும் பெரியவர்கள் வாயில் அடிபடும் பெயர் இது. 1876-ல் மழை பொய்த்தது. சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணம் என்று தக்காணம் முழுக்க பஞ்சம் 1878 வரை நீண்டது. இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ரயில் இருந்தது, வேறு இடங்களில் தானியமும் இருந்தது. அந்த தானியம் ஏற்றுமதியும் ஆனது. எனவே எல்லாப் பழியையும் மழை மேல் போட்டுவிட முடியாது. ஆனால் மழை வராது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் அரசு தயாராக இருந்திருக்கலாமே என்ற கேள்வி அப்போது பலமாக எழுந்தது.

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-ல்தான் தொடங்கப்பட்டிருந்தது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட். இமயமலையில் பனி அதிகமாகப் பெய்த வருஷங்களில் அடுத்து வரும் பருவமழை குறைகிறது என்று அவர் கவனித்தார். அந்தப் பனிக்கணக்கை வைத்து 1882 முதல் சோதனையாகச் சொல்லிப் பார்த்து, 1886 ஜூன் 4 அன்று இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் சேர்த்து முறையான முதல் பருவ முன்னறிவிப்பை வெளியிட்டார். அதாவது, இன்று உங்கள் மொபைலில் வரும் பருவமழைக் கணிப்புக்கு வயசு 135-ஐத் தாண்டிவிட்டது.

பிளான்ஃபோர்டுக்குப் பிறகு வந்தவர் ஜான் எலியட். இமயப் பனியோடு ஆஸ்திரேலியா, இந்தியப் பெருங்கடல் பகுதி நிலவரங்களையும் சேர்த்து விரிவாகக் கணித்தார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, 1899 வரும் வரை. அந்த வருஷம் நல்ல மழை இருக்கும் என்று அவர் சொன்னார். வந்ததோ அந்த நூற்றாண்டின் மிக மோசமான வறட்சிகளில் ஒன்று. குஜராத், ராஜபுதனம், மத்திய இந்தியா எல்லாம் காய்ந்தன. மறுபடியும் பஞ்சம், மறுபடியும் லட்சக்கணக்கில் சாவு. பத்திரிகைகள் எலியட்டைக் கிழித்துத் தொங்கவிட்டன. 1902-லிருந்து சில வருஷங்கள் பருவக் கணிப்பை மக்களுக்குச் சொல்லாமல், ரகசிய ஆவணமாக அரசுக்கு மட்டும் அனுப்பும் நிலைமை வந்தது.

யோசித்துப் பாருங்க. விவசாயிக்காகத் தயாரித்த கணிப்பு, விவசாயியைத் தவிர மற்ற எல்லோருக்கும் போனது.

பூமராங் வாக்கர்

இந்தச் சமயத்தில்தான் எலியட் ஓய்வு பெறுகிறார். அடுத்த தலைவராக ஒரு கணித வல்லுநர் வேண்டும் என்று முடிவாகிறது. குவிந்து கிடக்கும் புள்ளிவிவரங்களிலிருந்து உண்மையைப் பிரித்தெடுக்க வானத்தைப் பார்க்கத் தெரிந்தவர் போதாது, கணக்கு தெரிந்தவர் வேண்டும் என்பது எண்ணம்.

கில்பர்ட் தாமஸ் வாக்கர் 1868 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் பிறந்தவர். அப்பா சிவில் இன்ஜினியர். பெரிய குடும்பம், லண்டனை ஒட்டிய கிராய்டனில் வளர்ந்தார். உதவித்தொகையில் படித்து கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரிக்குப் போனவர், 1889-ல் கணிதத் தேர்வில் முதலிடம். அங்கே அந்த இடத்துக்கு 'சீனியர் ராங்க்ளர்' என்று பெயர். அந்தக் காலத்தில் அந்தப் பட்டம் வாங்கினால் வாழ்க்கையில் செட்டில் ஆன மாதிரிதான்.

ஆனால் அளவுக்கு மீறிப் படித்ததில் உடம்பு கெட்டுப்போனது. மூன்று குளிர்காலங்களை சுவிட்சர்லாந்தில் கழித்துத் தேற வேண்டியிருந்தது. அங்கே சும்மா இருந்தாரா? பனிச்சறுக்கு ஸ்கேட்டிங் கற்றுக்கொண்டார்.

சுழலும், பறக்கும் எதைப் பார்த்தாலும் அவருக்கு ஆசை. பம்பரம் மாதிரி சுழலும் கருவிகள், பில்லியர்ட்ஸ் பந்து, புல்லாங்குழலில் காற்று அதிரும் விதம், பறவைகள் சிறகடிக்காமலே உயரும் வித்தை என எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்தார். கேம்பிரிட்ஜ் மைதானத்தில் ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் பூமராங்கை வீசி வீசிப் பார்த்து, அது ஏன் எறிந்தவரிடமே திரும்புகிறது என்று 1897-ல் ஆய்வுக் கட்டுரையே எழுதிவிட்டார். நண்பர்கள் வைத்த பட்டப்பெயர், பூமராங் வாக்கர்.

1904 ஜனவரியில் இந்திய வானிலை ஆய்வகங்களின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்றபோது வயசு 35. அதே வருஷம் ராயல் சொசைட்டி உறுப்பினராகவும் தேர்வானார்.

வந்ததும் வரவேற்றது என்ன தெரியுமா? மழைக்குறைவு. 1904, 1905 இரண்டுமே பற்றாக்குறை வருஷங்கள்.

காடு அழிந்ததால்தான் மழை இல்லையா?

இது இன்று நேற்று வந்த கேள்வி இல்லை. 1895-க்குப் பிறகு தொடர்ந்து பல வருஷம் மழை குறையவே, நாட்டின் தட்பவெப்பமே நிரந்தரமாக மாறிவிட்டது, காடுகளை வெட்டியதுதான் காரணம் என்ற பேச்சு அப்போதும் பரவலாக இருந்தது. வாக்கர் பழைய மழைப் பதிவேடுகளை எல்லாம் எடுத்து வைத்து ஆராய்ந்தார். 1910-ல் வெளியான அறிக்கையில் அவர் வந்து சேர்ந்த முடிவு, அந்த மழைக்குறைவு நிரந்தர மாற்றம் என்பதற்கு அளவீடுகளில் ஆதாரம் இல்லை என்பது. மழை கூடும், குறையும், மறுபடி கூடும். அந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் வயலுக்குப் பக்கத்தில் இல்லை, வேறு எங்கோ தூரத்தில் இருக்கிறது என்று அவர் சந்தேகப்பட்டார். (இது அன்றைய தகவல்களை வைத்து அவர் சொன்னது. இன்றைய புவி வெப்பமாதல் விவாதத்துக்கு இதை ஆதாரமாகத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டாம்.)

சரி, அந்த தூரத்துக் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்போது செயற்கைக்கோள் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. மேல் வளிமண்டலத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு ஏறக்குறைய எந்தத் தகவலும் இல்லை. காற்று எப்படி ஓடுகிறது என்று இயற்பியல் சமன்பாடு எழுதித் தீர்க்க வழியே இல்லை என்று கேம்பிரிட்ஜ் கணித மேதைக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது.

எனவே வேறு வழி பிடித்தார். உலகம் முழுக்க உள்ள வானிலை நிலையங்களின் பழைய பதிவேடுகளைச் சேகரிப்பது. காற்றழுத்தம், வெப்பநிலை, மழை, நைல் நதியின் வெள்ளம், இமயப் பனி என்று எது கிடைத்தாலும். பிறகு, அதில் ஒவ்வொன்றையும் இந்திய மழையோடு பொருத்திப் பார்ப்பது. ஒன்று கூடும்போது இன்னொன்று கூடுகிறதா, குறைகிறதா, எவ்வளவு உறுதியாக? இதை ஒரே எண்ணில் சொல்லும் கணக்குக்கு 'ஒட்டுறவுக் கெழு' என்று நம்ம புள்ளியியல் புத்தகத்தில் பெயர்.

ஒரு கெழுவைக் கண்டுபிடிக்க பல பத்து வருஷங்களின் எண்களைப் பெருக்கி, கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வாக்கருக்குத் தேவைப்பட்டதோ நூற்றுக்கணக்கான கெழுக்கள். அவர் அலுவலகத்தில் இருந்த இந்திய குமாஸ்தாக்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து இதைக் கையால் போட்டார்கள். முதல் உலகப் போர் நேரத்தில் அதிகாரிகள் பலர் போர்ப் பணிக்குப் போன பிறகும் இந்த வேலை நிற்கவில்லை. வாக்கரின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பெருக்கல் போட்ட கைகளில் பெரும்பாலானவற்றின் பெயர் நமக்குத் தெரியாது.

1909 வாக்கில் அவருடைய முதல் சூத்திரம் தயாரானது. மே மாதக் கடைசியில் இமயத்தில் சேர்ந்த பனி, மொரீஷியஸ் காற்றழுத்தம், தென் அமெரிக்கக் காற்றழுத்தம், சான்சிபார் மழை. இந்த நான்கையும் போட்டால் இந்தியப் பருவமழையின் போக்கு வரும். உலகில் புள்ளியியல் சமன்பாட்டை வைத்து அரசுத் துறை ஒன்று பருவக் கணிப்பு சொன்ன முதல் முயற்சிகளில் இதுவும் ஒன்று.

100 கிளி ஜோசியர் கதை

வாக்கரின் ஆகப் பெரிய சாதனை என்று என்னைக் கேட்டால், சூத்திரத்தைவிட அதைச் சந்தேகப்பட்டதைத்தான் சொல்வேன்.

ஒரு கடைத்தெருவில் 100 கிளி ஜோசியர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஐந்து வருஷ மழையை ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். சும்மா அதிர்ஷ்டத்திலேயே மூன்று பேருக்கு ஐந்தும் பலித்துவிடும். அந்த மூவரை மட்டும் பார்ப்பவர், ஆஹா இவர்கள் மகான்கள் என்று நினைத்துவிடுவார். மற்ற 97 பேரை மறந்துவிடுவார். உலகின் 100 இடங்களை இந்திய மழையோடு ஒப்பிட்டால் இதேதான் நடக்கும். எந்தத் தொடர்பும் இல்லாத ஏதோ ஒரு ஊர், தற்செயலாக அழகாகப் பொருந்திவிடும்.

இந்த வலையில் விழாமல் இருக்க, எத்தனை இடங்களைத் தேடிப் பார்த்தோமோ அந்த அளவுக்கு அளவுகோலையும் கடுமையாக்க வேண்டும் என்று 1914-ல் எழுதினார். இன்று டேட்டா சயின்ஸ் படிக்கிற மாணவர்கள் முதல் செமஸ்டரிலேயே எச்சரிக்கப்படும் அதே விஷயம். ஐந்தில் நான்கு பங்கு பலிக்க வாய்ப்பு இருந்தால் ஒழிய கணிப்பை வெளியிடக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் அவர் வைத்துக்கொண்டார். பின்னாளில் 'முன்னறிவிப்பு' என்ற சொல்லே கொஞ்சம் அதிகம் என்று நினைத்து, முன்நிழல் காட்டுவது என்ற பொருளில் வேறொரு மென்மையான ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தினார். 1899-ல் எலியட் பட்டது அந்த அலுவலகத்தின் சுவரில் எழுதாமலே எழுதியிருந்திருக்கும்.

இன்னொன்றும் செய்தார். இந்தியா முழுமைக்கும் ஒரே எண் சொல்வதில் விவசாயிக்குப் பயனில்லை. பஞ்சாபில் கொட்டி தக்காணத்தில் காய்ந்தாலும் சராசரி சரியாகத்தான் இருக்கும். எனவே மழை ஒரே போக்கில் நடந்துகொள்ளும் பகுதிகளாக நாட்டைப் பிரித்து, தீபகற்பத்துக்குத் தனியாக, வடமேற்குக்குத் தனியாகச் சூத்திரம் போட்டார்.

சென்னை துறைமுகத்தில் ஒரு நாள்

நடுவில் ஒரு கிளைக்கதை. இதைச் சொல்லாமல் போனால் கும்பகோணத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

வாக்கரின் அதிகாரத்தின் கீழ் சென்னை வானிலை நிலையம், கொடைக்கானல் சூரிய ஆய்வகம் எல்லாம் இருந்தன. 1913 பிப்ரவரியில் அவர் சென்னை வந்தார். துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு குமாஸ்தாவின் நோட்டுப் புத்தகத்தை, கழகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவரிடம் காட்டினார். அந்த குமாஸ்தா சீனிவாச ராமானுஜன்.

வாக்கர் வல்லவர்தான், ஆனால் அவர் துறை பயன்பாட்டுக் கணிதம். ராமானுஜனின் எண் கணிதம் வேறு உலகம். தன்னால் அதைத் தீர எடைபோட முடியாது என்பதை ஒளிக்காமல், ஆனால் கேம்பிரிட்ஜ் கல்லூரி ஆய்வாளரின் தரத்தோடு ஒப்பிடத் தக்க வேலை இது என்று, பிப்ரவரி 26 அன்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். ராமானுஜன் சில ஆண்டுகள் சோற்றுக் கவலை இல்லாமல் கணிதம் மட்டும் செய்ய பல்கலைக்கழகம் வழி செய்ய வேண்டும் என்பது கோரிக்கை. அதே மாதம்தான் கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டியின் பதிலும் வந்திருந்தது. பலன், மாதம் 75 ரூபாய் உதவித்தொகை, இரண்டு ஆண்டுகளுக்கு. பட்டம் இல்லாத ஒருவருக்கு அது சாதாரண விஷயமில்லை.

தராசு தெரிந்தது

இனி முக்கியமான இடம். வருஷக்கணக்கில் சேர்த்த கெழுக்களை உலக வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தபோது, குவியலுக்குள் ஒரு ஒழுங்கு தெரிந்தது. பசிபிக் பெருங்கடலில் காற்றழுத்தம் உயரும் காலங்களில், ஆப்பிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரை இந்தியப் பெருங்கடல் பகுதியில் அது தாழ்கிறது. அங்கே தாழ்ந்தால் இங்கே உயர்கிறது. மளிகைக் கடைத் தராசின் இரண்டு தட்டு மாதிரி. நம் பக்கத் தட்டில் அழுத்தம் குறைந்தால் இந்தியாவுக்கு நல்ல மழை, கூடினால் சிக்கல்.

இப்படி ஒரு எதிரெதிர் ஆட்டம் சில ஊர்களுக்கு இடையே இருப்பதை வாக்கருக்கு முன்பே சிலர் கவனித்திருந்தார்கள். ஆனால் அது பாதி பூமியை ஆட்டும் ஒரே அசைவு என்று காட்டி, 1924-ல் அதற்கு 'சதர்ன் ஆசிலேஷன்' என்று பெயர் வைத்தவர் வாக்கர். தமிழில் தென் அலைவு. வட அட்லாண்டிக், வட பசிபிக் பகுதிகளிலும் இதேபோல இரண்டு சிறிய தராசுகளை அவர் அடையாளம் காட்டினார். ஐரோப்பாவின் குளிர்காலக் கணிப்பு இன்றும் அதில் ஒன்றை நம்பி இருக்கிறது.

அதே 1924-ல் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். சர் பட்டம் கிடைத்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வானிலையியல் பேராசிரியராக 1934 வரை இருந்தார்.

அப்புறம் என்ன, உலகமே கொண்டாடியதா? இல்லை. நேர்மாறு. தராசு ஆடுவதற்கு என்ன காரணம் என்று வாக்கரால் சொல்ல முடியவில்லை. காரணம் தெரியாத பொருத்தத்தை எப்படி நம்புவது என்று இயற்பியலாளர்கள் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. அதோடு, அவர் சூத்திரத்தில் இருந்த சில தொடர்புகள் அடுத்த பத்தாண்டுகளில் தேய்ந்து மறைந்தன. 1958 நவம்பர் 4 அன்று தனது 90-வது வயதில் அவர் இறந்தபோது, பயனுள்ள கணிப்பைத் தேடி நீண்ட காலம் உழைத்தும் பெரிய பலன் கிடைக்காதவர் என்ற தொனியில்தான் அஞ்சலிக் குறிப்பு வந்தது.

அவர் இறந்த அதே சமயத்தில், 1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டுக்காக பசிபிக் கடலின் வெப்பநிலையைக் கப்பல்கள் அளந்து முடித்திருந்தன. அது ஒரு வலுவான எல் நினோ ஆண்டு. கிறிஸ்துமஸ் சமயத்தில் கடல் சூடாவதைப் பார்த்து பெரு நாட்டு மீனவர்கள் வைத்த பெயர் அது. கலிபோர்னியாவில் இருந்த நார்வே விஞ்ஞானி ஜேக்கப் பியர்க்னஸ் இந்த அளவுகளை வைத்து 1969-ல் முடிச்சை அவிழ்த்தார். பசிபிக் கடலின் கிழக்குப் பகுதி சூடானால் மேற்கு நோக்கி வீசும் வணிகக் காற்று தளர்கிறது, மழை மேகக்கூட்டம் இந்தோனேசியப் பக்கத்திலிருந்து நடுக்கடலுக்கு நகர்கிறது, வாக்கரின் தராசு சாய்கிறது. காற்றும் கடலும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஆடும் ஒரே ஆட்டம். அந்தக் காற்றுச் சுழற்சிக்கு பியர்க்னஸ் வைத்த பெயர் 'வாக்கர் சர்க்குலேஷன்'. கடல் வெப்ப அளவுகள் போதுமான அளவுக்கு இல்லாததால் வாக்கருக்குப் பிடிபடாமல் போன பாதி விடை அதுதான்.

அப்படின்னா எல் நினோ வந்தால் மழை அவ்வளவுதானா?

இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். 1877, 1899, 1918 வறட்சிகள் எல் நினோ காலத்தவைதான். 2015-லும் எல் நினோ இருந்தது, தென்மேற்குப் பருவமழை 14% குறைந்தது. ஆனால் 1997-ல் அந்த நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று இருந்தும் நாட்டின் மழை இயல்பைவிட 2% கூடுதல். தராசு ஒரு பக்கம் சாயும் என்றால் வாய்ப்பு அந்தப் பக்கம் சாய்கிறது, அவ்வளவே.

ஏப்ரல் கணிப்பில் இன்னொரு சிக்கல். தராசு திசை மாறுவதே பெரும்பாலும் மார்ச் முதல் மே வரையிலான மாதங்களில்தான். அது மாறிக்கொண்டிருக்கும்போது சொல்லப்படும் கணிப்பு இயல்பாகவே பலவீனமானது. அதனால்தான் மே இறுதியில் வானிலை மையம் திருத்திய கணிப்பை வெளியிடுகிறது. மானாவாரி விதைப்பு வைத்திருப்பவர்கள் ஏப்ரல் செய்தியைவிட அந்த இரண்டாவது அறிவிப்பைப் பார்த்து விதை ரகத்தை முடிவு செய்வது நல்லது.

தமிழ்நாட்டுக்கு கணக்கே தலைகீழ். நமக்குப் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. எல் நினோ இருக்கும் ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை பொதுவாக நன்றாக இருக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. அடுத்த வருஷம் தராசு மறுபக்கம் லேசாகச் சாய்ந்தது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை 62% குறைந்து, டெல்டாவில் சம்பா கருகியது. ஆக, டிவியில் எல் நினோ என்று கேட்டதுமே சம்பா சாகுபடியைக் கைவிட நினைக்கும் தஞ்சாவூர் விவசாயி, வடநாட்டுக்குச் சொன்ன எச்சரிக்கையைத் தனக்கு எடுத்துக்கொள்கிறார்.

வாக்கர் தேடியது முழுப் பருவத்துக்கான விடை. நாளைக்கு மருந்து அடிக்கலாமா, மொட்டை மாடித் தோட்டத்தில் கத்தரி நாற்றை இந்த வாரம் பிரித்து நடலாமா என்பதற்கு அது உதவாது. அதற்கு வானிலை மையமும் வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் தரும் வேளாண் வானிலை அறிக்கை இருக்கிறது. அடுத்த ஐந்து நாள் மழை, வெப்பம், காற்றோடு பயிருக்கு என்ன செய்யலாம் என்ற யோசனையும் மாவட்ட வாரியாக அதிலேயே தமிழில் வரும்.